சிஸ்டர் பிரிக்காத முதல் கடிதம்

காலை பதினொரு மணிக்கு எங்கள் சிஸ்டர் முடியாட்சியை ஒழிப்பார். மாலை ஆறு மணிக்கு அதே சிஸ்டர் அதைத் திரும்ப நிறுவிவிடுவார். திண்டிவனத்தில் நான் பி.ஏ. வரலாறு படித்த காலத்தில் ஐரோப்பா தினமும் ஒருமுறை விடுதலையாகி, இருட்டுவதற்குள் மறுபடி அடிமையாகிவிடும்.

கல்லூரியும் விடுதியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு எடுத்தவரும் விடுதிக்கு வார்டனாக இருந்தவரும் ஒரே கன்னியாஸ்திரீ. வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். தெற்கத்திக்காரர். எங்கள் தமிழைக் கேட்டால் அவருக்குப் பல் கூசும். வகுப்பில் நின்று அவர் மனித உரிமை பற்றிப் பேசினால், எழுந்து போய் எங்கேயாவது ஒரு கோட்டையை இடித்துவிட்டு வரலாமா என்று தோன்றும். இடித்துவிட்டு ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால் கேட்டைப் பூட்டிவிடுவார்.

நான் சேர்ந்தது 1993இல். முகையூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான்தான். பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதத்தால் விடுதியில் இலவசமாக இடம் கிடைத்தது. இலவசமாகக் கிடைத்த இடம் என்பதால், சாம்பாரில் பருப்பு இல்லை என்றாலும் நான் பருப்பு இருப்பதுபோலவே சாப்பிடுவேன்.

முதல் வருடம் முழுக்க இந்திய வரலாறு. இரண்டாம் வருடம்தான் பிரான்ஸ் வந்தது. தேசமே நான்தான் என்று நினைத்த ஒரு ராஜா. காலையில் அவர் தூங்கி எழுவதைப் பார்ப்பதற்கே பிரபுக்கள் வரிசையில் நிற்பார்களாம். அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுப்பதற்குப் போட்டியாம். சிஸ்டர் இதைச் சொல்லிவிட்டு, "எவ்வளவு கேவலம் பாருங்க" என்று புத்தகத்தை மூடினார். மணி அடித்தது. முன் பெஞ்சில் இருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஒருத்தி சிஸ்டரின் பையை எடுத்துக்கொண்டாள், ஒருத்தி குடையை, குடை கிடைக்காதவள் டஸ்டரை. சிஸ்டர் முன்னால் நடந்தார்.

என் அறைத்தோழி திருவாமாத்தூர்க்காரி. அவளுக்கு வாய் அதிகம், பயம் கிடையாது. "அந்த ராஜாவுக்கு சட்டை, நம்ம சிஸ்டருக்கு டஸ்டரு. வேற இன்னாடி வித்தியாசம்?" என்றாள். நான் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத்தான் சிரித்தேன்.

இன்னொரு நாள் பாடத்தில் தபால் வந்தது. பிரான்ஸ் ராஜாக்கள் ஓர் அறை வைத்திருந்தார்கள். அங்கே ஆட்கள் உட்கார்ந்து ஊரார் கடிதங்களைப் பிரித்துப் படித்து, வேண்டியதை நகல் எடுத்துக்கொண்டு, மறுபடி ஒட்டி அனுப்புவார்கள். இதைச் சொல்லும்போது சிஸ்டருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு எழுதினதைப் பிரிச்சுப் படிக்க இவங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். முப்பத்தெட்டுப் பெண்களும் கரும்பலகையைப் பார்த்தோம்.

அன்று மாலையும் வழக்கம்போல விடுதிக்குத் தபால் வந்தது. எல்லாக் கடிதமும் காய் நறுக்கும் கத்தியால் கீறப்பட்டிருந்தது. படித்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக மூலையில் பென்சிலில் ஒரு டிக். சந்தேகமான வரி இருந்தால் அதன் கீழே சிவப்பு மையில் கோடு. பிரான்ஸ் ராஜாவின் ஆட்களாவது பசை தடவி ஒட்டி அனுப்பினார்கள், எங்களுக்கு அந்த மரியாதைகூட இல்லை. நாங்கள் எழுதும் கடிதத்தையும் ஒட்டாமல்தான் சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் இது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான் எங்கள் தெருவுக்கே கடிதம் எழுதுபவர். அம்மா கோவில் வாசலில் நின்று சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். குழாயடிக்கு வந்தவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்பார்கள், திருத்தமும் சொல்வார்கள். "ஆடு குட்டி போட்டத எழுதலியே" என்று ஒருத்தி நினைவூட்டுவாள். நான் எழுதும் பதிலையும் அவர் அதே இடத்தில் உரக்கப் படிப்பார். தெரு முழுக்கக் கேட்டு ஒப்புதல் தந்த கடிதத்தைச் சிஸ்டர் ஒருவர் கூடுதலாகப் படிப்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது?

இதைத் திருவாமாத்தூர்க்காரியிடம் சொன்னேன்.

"தெருவு படிக்கட்டும்டி. அது உன் தெருவு, உங்கம்மா கேட்டு எழுத வச்சது. இவங்கள யாரு கேட்டாங்க?" என்றாள்.

ஆளப்படுகிறவர்களின் சம்மதம் பற்றிப் பிறகு எத்தனையோ புத்தகம் படித்தேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. அவள் ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் முப்பத்தாறு மார்க் வாங்கினாள் என்பது வேறு விஷயம்.

வினையைத் தொடங்கி வைத்தவர் சிஸ்டரேதான். புரட்சிக்கு முன்னால் பிரான்ஸ் மக்கள் தங்கள் குறைகளையெல்லாம் ஏட்டில் எழுதி ராஜாவுக்கு அனுப்பினார்கள் என்று பாடம் நடத்திவிட்டு, அதை எங்களையும் செய்யச் சொன்னார். முன் பெஞ்சுகள் குருமார், நடு பெஞ்சுகள் பிரபுக்கள், பின் பெஞ்சுகள் பொதுமக்கள். "அந்தக் காலத்து ஆளா உங்களை நினைச்சுக்கிட்டு எழுதுங்க" என்றார். பின் பெஞ்சுக்கு அந்தக் காலம் பிடிபடவில்லை. குளிக்க ஒரு வாளி தண்ணீர் போதவில்லை, வெள்ளிக்கிழமை கேப்பைக் கூழில் உப்பு இல்லை, கடிதத்தைப் பிரிக்கிறார்கள் என்று இந்தக் காலத்துக் குறைகளையே எழுதிக் கொடுத்தோம்.

எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தோம். அவர் திட்டவில்லை. எல்லா ஏட்டையும் திருத்தி மார்க் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பத்துக்கு ஏழு. "தகவல்கள் சரி. முடிவுரை பலவீனம்" என்று கீழே எழுதியிருந்தது. வேறு ஒன்றும் மாறவில்லை.

அடுத்த வாரம் நல்ல ராஜாக்கள் பாடம். பிரஷ்யாவிலும் ரஷ்யாவிலும் ஆஸ்திரியாவிலும் இருந்தவர்கள். அறிஞர்களுடன் கடிதம் எழுதிப் பழகினார்கள், பள்ளிக்கூடம் திறந்தார்கள், சித்திரவதையைத் தடுத்தார்கள். மக்களுக்கு எல்லாம் செய்வார்கள், எதைச் செய்வது என்று மக்களை மட்டும் கேட்கமாட்டார்கள். சிஸ்டருக்கு இவர்களை ரொம்பப் பிடிக்கும் என்பது முகத்திலேயே தெரிந்தது. "இது பத்து மார்க் கேள்வி, கண்டிப்பா வரும்" என்றார்.

எங்கள் பக்கத்துக் கன்னியர் விடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. வார்டன் சிஸ்டர் எந்தப் புனிதரின் பெயரை வைத்திருக்கிறாரோ அந்தப் புனிதரின் திருநாள் அன்று, பிள்ளைகள் பாட்டுப் பாடி மாலை போடுவார்கள். சிஸ்டர் கேக் வெட்டிவிட்டு, "என்ன வேணும், கேளுங்க" என்பார். அன்று கேட்பதை மறுக்கக்கூடாது. எல்லா வருடமும் ஒரு நாள் லீவு கேட்பார்கள். துணிச்சலான வருடங்களில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போடச் சொல்வார்கள். அந்த வருடம் கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று கேட்பது என மாடியில் துணி காயப்போடும் இடத்தில் முடிவானது. கேட்கப்போவது யார் என்பதில்தான் சிக்கல். "நீதான்டி கேக்கணும். உன் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் கோவம் வராது, பாவமா இருக்கும்" என்றாள் திருவாமாத்தூர்க்காரி. அப்படித்தான் நான் மக்கள் பிரதிநிதி ஆனேன்.

திருநாள் அன்று சிஸ்டருக்கும் மேலான மடத்துத் தலைவி, மதர் சுப்பீரியர் வந்திருந்தார். பங்குச் சாமியார் முன்வரிசையில் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் கேட்டார். நான் எழுந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வரியில் மூன்று மறந்துபோனது.

"லெட்டரப் பிரிக்காம குடுங்க சிஸ்டர்."

சாமியார் மெல்லுவதை நிறுத்தினார். சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தோடு வேறு ஏதோ இருந்தது. அது என்ன என்று அன்று எனக்குப் புரியவில்லை. மதர் இருக்கும்போது மறுக்க முடியாது. ஆனாலும் அவர் ஆசிரியை அல்லவா, வைவா வைத்துவிட்டார்.

"சரி. நீ இப்ப என்கிட்ட கேக்கிறது வரமா, உரிமையா?"

உரிமை என்று சொல்லத்தான் இத்தனை மாதம் படித்தோம். என் வாயில் இருந்து வந்தது, "வரம், சிஸ்டர்." திருவாமாத்தூர்க்காரி என் தொடையைக் கிள்ளியதில் ரத்தம் கட்டிவிட்டது. வரம் என்றால் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மூன்று மாதப் போராட்டத்தை நான் ஒரே சொல்லில் விற்றுவிட்டேன் என்று அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாளில் இருந்து கடிதங்கள் ஒட்டியபடியே வந்தன. சொன்ன சொல்லைச் சிஸ்டர் காப்பாற்றினார்.

ஒன்பதாவது நாள் எனக்கு ஒன்று வந்தது. நீல இன்லேண்டு, உபதேசியார் கையெழுத்து, கீறல் இல்லை, டிக் இல்லை. என் வாழ்க்கையில் நானே பிரித்த முதல் கடிதம். பிரிக்கத் தெரியாமல் ஓரத்து வரிகளைக் கிழித்துவிட்டேன்.

'இயேசுவுக்கே புகழ். நீ போன மாதம் எழுதிய கடிதம் கிடைத்தது. பரீட்சை முடியும்வரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று நீ எழுதியதை உபதேசியார் படித்துக் காட்டினார். உன் அப்பா இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை. அத்தைக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தை பிறந்ததும் கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். வருகிற ஞாயிறு நானும் அத்தை மகனும் வந்து உன்னைக் கூட்டிப்போகிறோம். பெட்டி கட்டி வை. வரமாட்டேன் என்றால் இனி எப்போதும் வரவேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார்.'

நான் அப்படி ஒரு கடிதம் எழுதவே இல்லை. கல்யாணப் பேச்சு நடப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் தெரு முழுக்கத் தெரியும், குழாயடியில் பேசித் தீர்த்திருப்பார்கள். மணப்பெண் ஒருத்திக்குத்தான் தகவல் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சிஸ்டரின் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டு, மேஜை இழுப்பறையில் இருந்து இன்னொரு இன்லேண்டை எடுத்து வைத்தார். அது கத்தியால் கீறப்பட்டிருந்தது. மூலையில் டிக்கும் இருந்தது. அதில் அம்மா முதல் தடவையாகக் கல்யாண விஷயத்தைச் சொல்லியிருந்தாள். சிஸ்டர் அதை என்னிடம் காட்டாமல், என் பெயரில் அவரே பதில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

"என்னக் கேட்டிருக்கலாமே சிஸ்டர்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கேட்டிருந்தால் பெட்டி கட்டியிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரிந்திருக்கிறதே என்பதில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைக் காப்பாற்றியவர்மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"நீ நல்லாப் படிக்கிற. அதை வீணாக்க எனக்கு மனசு வரல" என்றார். பிறகு சாதாரணமாக, மளிகைப் பட்டியல் கேட்பதுபோலக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை உங்க அத்தை மகன் உள்ள வர முடியாது, விசிட்டர் லிஸ்ட்ல இல்ல. உங்க அம்மாவையும் அன்னிக்குப் பார்க்க முடியாதுன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லிடவா? நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். மாடியில இருந்தாப் போதும்."

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். மாடியில் உட்கார்ந்து கொடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், கீழே எல்லாவற்றையும் சிஸ்டர் பார்த்துக்கொள்வார். ஓட்டிவிட்ட ராஜாவையே ஜனங்கள் திரும்ப அழைத்துவந்த கதை பாடத்தில் வரும்போது, எவ்வளவு முட்டாள்கள் என்று சிரித்திருக்கிறேன். அன்று அந்த அறையில் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது.

"வேணாம் சிஸ்டர். நானே பேசிக்கிறேன்" என்றேன். தைரியத்தால் இல்லை. அந்த நிமிடத்தில் அவருக்கு இன்னொரு தடவை நன்றிக்கடன்பட எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு அன்று அத்தை மகன் கேட்டுக்கு வெளியே கையில் ஒரு பையோடு நின்று மல்லாட்டையை உடைத்துக் கடலை தின்றுகொண்டிருந்தான். விழுப்புரத்தில் ரைஸ்மில்லில் வேலை, நல்லவன்தான். அம்மா மட்டும் உள்ளே வந்து, வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். முகையூரில் இருந்து பஸ் மாறி வந்த களைப்பு.

"பொட்டி எங்கடி? ஜல்தியா கெளம்பு, பஸ்ஸு போய்டும்."

"அந்த லெட்டரு நான் எழுதலம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதான பாத்தேன். என்னமோ பைபிள் வாசகம் கணக்கா இருந்துச்சி. எம் பொண்ணுக்கு அப்படிலாம் எழுத வராதுன்னு உபதேசியார்கிட்டகூட சொன்னேன்."

"அது நான் எழுதல. ஆனா இப்ப நான் சொல்றேன். நான் வரலம்மா. படிச்சி முடிச்சிட்டுதான் வருவேன்."

சொல்லி முடித்ததும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நிற்பவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெசமாவே நீயேதான் சொல்றியா? யாரும் சொல்லிக் குடுக்கலியே?"

"நான்தாம்மா."

"உங்கப்பாருகிட்ட இத இன்னான்னு போய்ச் சொல்றது? பொண்ணு வேணாம்னு சொல்லுச்சின்னா என்ன வெட்டிடுவாரு. எல்லாம் நான் குடுத்த எடம்னு சொல்லுவாரு. பேஜாராப் பூடும்." அப்புறம் அவளே வழி கண்டுபிடித்தாள். "சிஸ்டரு வுடலன்னு சொல்லிடறேன். கவுருமென்ட்டு உத்தரவு, பாதில அனுப்ப மாட்டாங்களாம்னு சொல்லிடறேன். மேலேர்ந்து வந்ததுன்னா அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு."

"நான் சொன்னேன்னு சொல்லும்மா."

"சும்மா இருடி. உனக்குப் படிக்கணுமா வேணாமா?"

படிக்கணும். அதனால் சும்மா இருந்தேன். அம்மா எழுந்து போனாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். அவள் சொன்னதை அத்தை மகன் தலையாட்டிக் கேட்டான், கையில் இருந்த மல்லாட்டையில் பாதியை அவளுக்குக் கொடுத்தான். இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். அவனுக்கு அந்த வருடமே மில் முதலாளி வேறு இடத்தில் பெண் பார்த்துக் கட்டிவைத்தார் என்று கேள்விப்பட்டேன். அவனையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் பி.ஏ. முடித்து, பி.எட். முடித்து, விழுப்புரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு ஆசிரியை ஆனேன். நானே பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். சிஸ்டர் மாற்றலாகி வடக்கே போய்விட்டார். வருடாவருடம் கிறிஸ்துமஸுக்குக் கார்டு அனுப்புவார், நானும் அனுப்புவேன். அந்த இழுப்பறையைப் பற்றி இருவரும் எழுதியதில்லை.

அப்பாவுக்கு வயதாகி வேலைக்குப் போக முடியாமல் ஆனதும், அவரும் அம்மாவும் என் வீட்டோடு வந்துவிட்டார்கள். இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்திருந்தார். அந்தக் காலத்தில், அந்தச் சூழ்நிலையில், எப்படிங்க பொண்ணைப் படிக்க வெச்சீங்க என்று அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கதையை அவர் சொல்லி நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

"நான் எங்க படிக்க வச்சேன்? கல்யாணமே பேசிட்டேன். திண்டிவனத்துல ஒரு சிஸ்டரம்மா இருந்தாங்க. முடியாது, பாதில அனுப்ப மாட்டேன்னு ஒரே உத்தரவு போட்டுட்டாங்க. அந்தப் புண்ணியவதி மட்டும் இல்லன்னா இவ இன்னிக்கி டீச்சரா நிப்பாளா?"

தலைமையாசிரியை கண் கலங்கிவிட்டார். அன்றைக்கு என்னால் முடியவில்லை. "அது சிஸ்டர் சொல்லலப்பா. நான் சொன்னது. அம்மாகிட்ட நான்தான் வரலைன்னு சொன்னேன்" என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயா?" என்றார். பிறகு சிரித்தார். கோபமோ கிண்டலோ இல்லை, நிஜமாகவே வேடிக்கையான ஒன்றைக் கேட்டவர் சிரிக்கிற சிரிப்பு. "டீச்சர் வேலைக்கு வந்த பொறவு கதைலாம் நல்லா சொல்லுது" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார்.

அம்மா பக்கத்தில் கீழே உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வேப்பமரத்தடியில் எங்களோடு வேறு யாரும் இல்லை. சாட்சி என்றால் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். "சொல்லும்மா" என்றேன்.

அம்மா கையை நிறுத்தினாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே தலைமையாசிரியையிடம் சொன்னாள்:

"சிஸ்டருதாங்க வுடல."